அண்ணியின் நாக்கு

பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் சமையலறைக்குள் நுழைந்தான். வந்த வேகத்தில் கையிலிருந்த டின்னை மேஜைமேல் ‘டங்’கென்று வைத்தான்.

“குடிச்சுப் பாருங்க அண்ணி! கடைக்காரங்க மொத்தமாத் திருப்பி அனுப்பிட்டாங்க. கசக்குதாம்! நீங்க ருசி பாத்து கையெழுத்துப் போட்ட சரக்கு!”

அவள் அடுப்பை அணைத்தாள்.

குளிர்பானம்தான் அந்தக் குடும்பத்தின் தொழில். அவள் மருமகளாக வந்த இருபத்திரண்டு வருடங்களில், அவள் நாக்கைத் தாண்டாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போனதில்லை. இப்போது ஜனங்களுக்குச் சர்க்கரை என்றாலே பாம்பைக் கண்ட பயம். பானம் இனிக்கவும் வேண்டுமாம், அதில் சர்க்கரையும் இருக்கக் கூடாதாம்! அதற்காகவே இலையிலிருந்து எடுத்த இனிப்பைப் போட்டு, இஞ்சி சேர்த்து, இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து இந்தப் புதுப் பானத்தை உருவாக்கியிருந்தான் கொழுந்தன். டின்மேல் ‘எங்கள் அண்ணி ருசித்துச் சொன்னது’ என்று அச்சடித்தவனும் அவன்தான். கதை இல்லாத பானத்தை இந்தக் காலத்தில் யாரும் தொடுவதில்லையாம்.

“ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? நான் ஜெயிச்சுட்டா அண்ணன் விக்கிற பழைய சோடாவை எவனும் சீண்ட மாட்டான்னுதானே? உங்களைப் போய் அம்மான்னு நினைச்சேனே...!”

தாயில்லாத ஒன்பது வயதுப் பையனாக அவள் கையில் வந்தவன் அவன். ‘இவன் இருக்கும்போது நமக்கெதுக்குங்க இன்னொரு பிள்ளை?’ என்று கணவனிடம் சொல்லி, சொன்னபடியே இருந்தும் விட்டாள்.

மேஜையோரம் கணவன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தான். செய்தித்தாளுக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. சொல்லிவிடாதே என்று அவை கெஞ்சின.

“போதும். நான் தனியாப் போயிடறேன். இனிமே இந்த வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து அவளும் ஓய்ந்துபோயிருந்தாள். அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டு நிதானமாக மென்றாள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

“இது சக்கரையா, உப்பாடா? நீயே சொல்லு.”

அவன் ஜாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான்.

“ஐயோ... உப்பு! துப்புங்க அண்ணி! துப்புங்கன்னா!”

“எனக்குத் தெரியலடா ராஜா. நாலு வருஷமா எதுவுமே தெரியல. உனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சே... பதினேழு நாள் உன் தலைமாட்டுலயே உக்காந்திருந்தேன். நீ எழுந்தே, நான் படுத்தேன். காய்ச்சல் போகும்போது ருசியையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு.”

“அப்போ... இவ்வளவு நாளா?”

“பழைய சரக்கோட அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். எடை சரியா இருந்தா ருசியும் சரின்னு சொல்லிடுவேன். உன்னோட புதுச் சரக்குல நான் என்னத்தைக் கண்டேன்? வேற யாரையாவது ருசி பாக்கச் சொல்லுங்கன்னு உங்க அண்ணன்கிட்ட எவ்வளவோ கெஞ்சினேன்...”

செய்தித்தாள் கீழே சரிந்தது.

“நான்தான்டா கையெழுத்துப் போடச் சொன்னேன்,” என்றான் கணவன். “நீ கடை கடையா அலைஞ்சிட்டிருந்தே. பெரிய தொட்டியில அந்த இனிப்பைக் கொஞ்சம் கூடப் போட்டுட்டாங்க. கூடினா அது கசக்கும்னு யாருக்குடா தெரியும்? ஊரே அவ நாக்கைத்தான் நம்புது. அது செத்துப் போச்சுன்னு வெளிய தெரிஞ்சா கம்பெனி என்னாகும்னு... பயந்துட்டேன்டா!”

கொழுந்தன் அப்படியே தரையில் சரிந்தான். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். “என்னாலதானே அண்ணி! என்னாலதானே! உங்களைப் போய் என்னவெல்லாம் பேசிட்டேன்... வாங்க, இப்பவே டாக்டரைப் பாக்கலாம்!”

“மூணு பேரைப் பாத்தாச்சு. இனிமே வராதுன்னுட்டாங்க.”

கொழுந்தனின் சட்டைப் பையில் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யார் என்று தெரியும். கடைகளுக்கெல்லாம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் ஏஜென்ட். இனி இந்த வீட்டுச் சரக்கே வேண்டாம் என்று சொல்லத்தான் அழைக்கிறான். மூவரில் ஒருவருக்கும் அதை எடுக்கத் தெம்பில்லை.

அவள் கொழுந்தனின் தலையைக் கோதினாள். அவன் அழுகை அடங்கும்வரை கோதிக்கொண்டே இருந்தாள். பிறகு சின்னப் பிள்ளை கேட்பது போலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஏண்டா... ரொம்பவா கசக்குது? கசப்பு எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்லேன். எனக்கு அதுகூட மறந்து போச்சு...”

அவன் வாயைத் திறந்தான். இரண்டு வருடமாகத் தன் பானத்தின் ருசியைச் சொல்ல விதவிதமாக வார்த்தை தேடியவனுக்கு, அண்ணிக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை.