இடப்பக்கம், கீழே

புள்ளி வருவதற்கு முன்பே குரங்கு பார்த்துவிட்டது. அதில் அதிசயம் இல்லை. பழகிய குரங்கு அப்படித்தான் பார்க்கும், அதற்காகத்தானே மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். றொவீனாவுக்கு உறுத்தியது வேறு. திரையின் இடப்பக்கம், கீழே, அந்தப் பரிசோதனையில் ஒருநாளும் புள்ளி வராத இடத்தை அது பார்த்தது. பார்த்ததும் 'டிக்' என்று கேட்டது.

மட்டக்களப்பு வாவிக்கரை வீட்டில் இருந்தபடியே அவள் ஏதோ ஒரு தூரதேசத்து ஆய்வுகூடத்துக்கு வேலை செய்தாள். அங்கிருந்து வரும் பதிவில், குரங்கின் மூளையில் ஒற்றை நரம்புக் கலம் துடிக்கும் ஓசை, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் காதுக்குள் கேட்கும். வெடிப்பு கிளம்பிய கணத்தையும், அதன் பின் கண் திரும்பிய கணத்தையும் குறித்து அனுப்ப வேண்டும். குரங்கு சரியான இடத்தைப் பார்த்தால் 'டிக்' என்று குழாய் திறந்து அதன் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழும். அந்த ஆசையில்தான் அது பழகுகிறது. கணவன் கிறிஸ்டியன் கராஜுக்குப் போகும்போதெல்லாம், "குரங்குக்குக் கண் டொக்டர்" என்று அவளைக் கேலி செய்துவிட்டுத்தான் போவான்.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். கச்சான் சுடுகாற்று வாவியின் சேற்று நாற்றத்தையும் காய்ந்த மீன் வாடையையும் ஜன்னல் வழியே அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஏழு மாதப் பிள்ளை டோறா சேலையில் கட்டிய ஏணைக்குள் கிடந்தாள். இந்த வெக்கைக்கு வீறிட்டு அழுகிற பிள்ளை, மூன்று நாளாகச் சத்தமே இல்லை. பாலும் குடிக்கவில்லை. காலையில் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது எடை குறைந்திருந்தது. தாதியின் முகம் மாறியது.

குரங்குப் பதிவைப் பற்றிய சந்தேகம் நளீர் மேல் விழுந்தது. ஏறாவூரில் இருந்துகொண்டு பதிவுகளை அவளுக்கு அனுப்பி, அவள் குறித்து அனுப்புவதைச் சரிபார்ப்பவன் அவன்தான். பிழை பிடித்துத் தன்னை வெளியே தள்ளப் பதிவில் கைவைத்திருக்கிறானோ? போனை எடுத்தாள்.

"நளீர், இண்டைக்கு அனுப்பின பதிவில என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? புள்ளி இல்லாத இடத்தப் பார்க்குது, டிக் எண்டு சாறும் விழுது."

"டிக்கா? அந்தச் சத்தம் பதிவிலயே இல்லையே மிஸ். கலத்திட சத்தம் மட்டும்தானே வாறது."

"விளையாடாதீங்க. என்ட காதால கேட்டன்."

அவன் மெதுவாகக் கேட்டான்.

"இடப்பக்கம், கீழயா?"

அவள் பக்கத்தைச் சொல்லியிருக்கவே இல்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

போனுக்குள் 'டிக்' என்றது. யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். அதன்பின் தொடர்பு அறுந்துவிட்டது.

இயர்போனைக் கழற்றி மேசையில் போட்டாள். அந்தச் சத்தம் இந்த வீட்டிலும் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பல்லி என்றுதான் நினைத்திருந்தாள். பல்லி சொன்னால் எந்தத் திசையில் சொல்கிறது என்று திரும்பிப் பார்ப்பது இந்த ஊரில் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் சேர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் பொதுவான பழக்கம். அவளும் பார்ப்பாள். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், இடப்பக்கம், கீழே. அங்கே பல்லி இருந்ததில்லை.

கேட்டுவிட்டுப் பார்த்தாளா? யோசித்தாள். இல்லை. பார்த்த பிறகுதான் கேட்டது. எல்லாத் தடவையும் அப்படித்தான். அப்போதெல்லாம் நாக்கில் ஊறிய இனிப்பைத் தேத்தண்ணீர்ச் சீனி என்று நினைத்தாளே!

ஏணையை விலக்கினாள். பிள்ளையின் கண்கள் அந்த மூலையில் இருந்தன.

டிக்.

டோறாவின் வாய் எதையோ உறிஞ்சியது. உதட்டோரம் மண்நிறத்தில் ஒரு துளி வழிந்தது. அளிந்த பழத்தின் நாற்றம்.

"ஐயோ, என்ட பிள்ள!"

பிள்ளையை மறுபக்கம் திருப்பினாள். அந்தச் சின்னத் தலை மெல்லத் திரும்பி வந்தது. உள்ளங்கையால் கண்களைப் பொத்தினாள். கைக்குக் கீழே இமைகளுக்குள் கண்மணிகள் உருண்டன. இடப்பக்கம். கீழே.

டிக்.

வாரி எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினாள். வெளியே வெயில் கொளுத்தியது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். வாசலுக்குப் பத்தடிதான். அப்போது கடுகு வெடித்தது. காதில் இயர்போன் இல்லை. வெடித்தது அவள் தலைக்குள்.

வெடிப்புக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை குறித்தவள் அல்லவா! பார்க்காதே என்று தனக்குத்தானே சொன்னாள். கண் கேட்கவில்லை. ஆனால் இந்த முறை அது மூலைக்குப் போகவில்லை. நடு அறைக்குப் போனது. பழகி முடிந்த குரங்குக்குப் புள்ளியை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். நகர்த்துவார்கள்.

டிக். இனிப்பு.

வெடிப்பு. ஏணைக்கு அடியில்.

டிக்.

வெடிப்பு. அவள் காலடியில். கால்கள் அசையவில்லை.

டிக்.

நெஞ்சோடு அணைத்திருந்த பிள்ளை தலையை நிமிர்த்தினாள். தாயும் மகளும் ஒன்றாகப் பார்த்தார்கள், இரண்டு முகங்களுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் வெற்றிடத்தை. சத்தம் இன்னும் வரவில்லை.

இரண்டு வாய்களும் திறந்திருந்தன.