ஏற்பு மிட்டாய்

பங்கு ஏற்கப்படவில்லை என்று தெரிந்த பிறகும் பிரம்மசக்தி எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

வேறு வழி இருக்கவில்லை. கடலை மிட்டாய்ப் பெட்டியை முதல்நாளே ஆலையின் ஓய்வறை மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். பிரிக்காத பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனால் அதைவிடப் பெரிய தண்டோரா வேண்டியதில்லை. முகத்தைக் கழுவினாள். கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பிரித்தாள்.

"ஏத்துக்கிச்சா?" என்றாள் சந்தனமாரி. அந்த ஆலைக்கு வந்த தமிழ்ப் பெண்களில் மூத்தவள்.

"ஏத்துக்கிச்சுக்கா."

"அப்பொ அறுபது வரைக்கும் உன்னய எமன்கூட அசைக்க முடியாது. ரெண்டா எடுக்கேன், கோவிச்சுக்கிடாத."

மிட்டாய் அவள் பல்லில் நொறுங்கும் சத்தம் பிரம்மசக்தியின் காதுக்குள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நார்வேயின் வடக்கு ஓரத்தில் கடற்பாசியைக் காயவைத்துப் பொடியாக்கும் ஆலை அது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் ஒரு குழுவாக அங்கே வேலை பார்த்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஆனி மாதத்தில், ஊரிலிருக்கும் மாநில முதுமைநிதிக்கு அவர்கள் விருப்பப் பங்கு கட்டலாம். கட்டாயமில்லை. வெளிநாட்டில் வேர்வை சிந்துகிறவர்களும் அறுபது வயதில் ஊர் திரும்பி மாதாமாதம் கையேந்தாமல் சாப்பிட வேண்டும் என்று யாரோ நல்ல மனதோடு வைத்த ஏற்பாடு.

அந்த நல்ல மனதுதான் அடுத்த காரியத்தையும் செய்தது. இருபது முப்பது வருடம் பங்கு கட்டிவிட்டு ஒரு மாதத் தொகைகூட வாங்காமல் செத்துப்போனவர்களின் வீட்டார், படங்களை ஏந்திக்கொண்டு சாலையில் உட்கார்ந்தார்கள். அரசு இரங்கியது. பயன் பெறப் போகாதவரிடம் விருப்பப் பங்கு வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தை நிறைவேற்ற ஒரு இயந்திரம் வந்தது. அதன் பெயர் பயன்நோக்கி.

உள்ளங்கையைத் தகட்டில் வைத்தால் போதும். ரத்தத்தையும் பரம்பரையையும் செய்யும் தொழிலையும் அது படிக்கும். மழை, கடல், தானியக் கையிருப்பு, சந்தை, நாடு நகர நிலவரம் என்று உலகத்தில் அறியக்கூடியது எதையும் விடாமல் சேர்த்து எடைபோடும். கடைசியில் ஒன்று பச்சை விளக்கு எரியும். இல்லையென்றால் ஒரு வரி வரும். "தங்கள் பங்கு ஏற்கப்படவில்லை. இதனால் தங்களுக்குப் பயன் இராது." ஏன் என்று சொல்லாது. மறுக்கப்பட்டவரின் மானத்தைக் காப்பதற்காக அந்த வரி அந்தக் கணமே அழிந்துவிடும். அதிகாரிகள்கூட அதைப் பார்க்க முடியாது. பார்ப்பது குற்றம்.

ஆனாலும் செய்தி கசியாமலா இருக்கும்? பிரம்மசக்தியின் சின்ன மாமனார் சிங்கப்பூரில் இருந்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அவருக்கு மறுப்பு வந்தது. மறு வருடமே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தார். மறுப்பு வந்த சேதி அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. கயிறு அறுவதுகூட அதற்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஏற்பு இருக்குல்லா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏற்பு வந்தவர்கள் மிட்டாய் கொடுத்தார்கள். மறுப்பு வந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒருவரை யாரும் உயிரோடு பார்த்ததில்லை.

இப்போது பிரம்மசக்திக்குத் தெரிந்தது. அவர்கள் மிட்டாய் கொடுப்பார்கள்.

அன்று கணவன் நயினாரிடம் பேசும்போதும் அதே பொய்தான் வந்தது. ஊரில், ஏரல் அரசுப் பேருந்துப் பணிமனையில் அவனுக்கு வேலை. "ஏத்துக்கிச்சா?" என்று அவன் கேட்ட வேகத்துக்கு "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் வரவில்லை. "அப்படிப் போடு!" என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். மகள் கோமு ஓடிவந்து, எதற்கென்று தெரியாமலே கை தட்டினாள்.

மரண பயம் என்றால் மலைபோல வந்து நிற்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது சில்லறையாக வந்தது. மீனை வாயில் வைத்தால் முள் எங்கே என்று நாக்கு தேடியது. படகுத்துறைப் பலகையில் கால் வைக்குமுன் யாராவது முன்னால் போகட்டும் என்று நின்றாள். பாசி வெட்டும் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டுவதை நிறுத்தினாள். ஆலை மருத்துவர் உடம்பு முழுவதையும் ஊடுபார்த்து, குதிரைபோல இருக்கிறாய் என்று சிரித்தபோது அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது வெளியிலிருந்து வரப்போகிறது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை.

சூரியன் மறையாத மாதங்கள் அவை. அழுவதற்கு இருட்டுகூட இல்லை. போர்வைக்குள் தலையை நுழைத்தாலும் துணிவழியே வெளிச்சம் கசிந்தது. அந்த மங்கலில் தன் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். முப்பத்துநாலு வருடம் கூடவே இருந்த கை. நெருங்கிய சொந்தக்காரி ஒருத்தி தன்னிடம் எதையோ மறைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவது போல் இருந்தது அது. கோபம்கூட வந்தது. இத்தனை வருடம் சோறு போட்டேனே, எனக்குச் சொல்லக் கூடாதா?

எல்லாவற்றையும்விட அவளை அரித்தது வெட்கம். சாகப்போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வெட்கம் போகவில்லை. பரீட்சையில் தனக்கு மட்டும் தவறிவிட்டது போல, எல்லோரும் நடந்துபோன பாலம் தன் காலுக்கு மட்டும் இற்றுப்போனது போல.

வேலையை ஐந்து வருடத்துக்கு நீட்டித்துத் தருவதாக ஆலையில் சொல்லியிருந்தார்கள். இருந்தால் கோமுவுக்குக் காசு சேரும், அம்மா இருக்கமாட்டாள். போனால் காசு இருக்காது; ஆனால் இருக்கிற காலம்வரை அந்தப் பிள்ளையின் தலையை வாரிவிட்டுக்கொண்டாவது இருக்கலாம். மறுப்பு வந்ததிலிருந்து அவள் எடுத்த ஒரே முடிவு அதுதான். நீட்டிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சந்தனமாரி வந்து முன்னால் நின்றாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? ஏற்பு வந்த கையோட எவளாவது வேலைய விடுவாளா?"

"புள்ளையப் பாக்கணும் போல இருக்குக்கா."

"புள்ளையப் பாக்க லீவு போடு. வேலச் சீட்டக் கிழிச்சுக்கிட்டா போவாவ? நயினாரு ஏதும் சொன்னானா? சொல்லு, அவன நான் கேக்கேன்."

"அவுக ஒண்ணும் சொல்லல."

"பொறவு?"

பிரம்மசக்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் தானாக வெளியே வந்தது. "எனக்கு ஏத்துக்கலக்கா."

ஓய்வறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தனமாரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் கை பிரம்மசக்தியின் தோளுக்கு வந்து, தொடலாமா என்று தயங்கி, பிறகு தொட்டது.

எதிர் மேசையில் ஜெபசீலி கரண்டியைக் கீழே வைத்தாள். குழுவிலேயே சின்னவள், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"யக்கா," என்றாள். "எனக்கும்தான்."

"நீ மஸ்கோத் அல்வா குடுத்தியேட்டி!" என்றாள் சந்தனமாரி.

"இவுக கடல மிட்டாய் குடுக்கலயா?"

ஜன்னலோரத்தில் இருந்த அந்தோணியம்மா தொண்டையைச் செருமினாள். வயது ஐம்பதைத் தாண்டியவள். யாரையும் பார்க்காமல், "என் அதிரசமும் அப்படித்தாம்ட்டி," என்றாள். "விடிய விடிய அழுதுக்கிட்டே சுட்டேன். உப்புக் கரிக்கலயா ஒங்களுக்கு?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஜெபசீலி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அந்தோணியம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அறையிலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் கொல்ல எமனுக்கு எங்கே நேரம்? இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

"எனக்கு நெசமாவே ஏத்துக்கிச்சுட்டி," என்றாள் சந்தனமாரி.

"ஒங்க லட்டும் பொய் லட்டுதான், சும்மா இருங்கக்கா!"

சந்தனமாரி சிரிக்காமல், பங்குக் கணக்கைக் காட்டும் தன் கைத்தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்த வருடத் தேதியின் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் இயந்திரம் கெட்டுப்போகவில்லை.

சிரிப்பு அடங்கியது.

"அப்பொ இங்கனதான் என்னமோ ஆவப்போவுது," என்றாள் ஜெபசீலி. கொதிகலன் இருக்கும் பக்கம் அவள் கண் போனது. "ஆலைதான். எல்லாரும் மொத்தமா..."

"சந்தனமாரியும் இங்கனதான இருக்கா?" என்றாள் அந்தோணியம்மா. "அதுபோக, ஜெர்மனில இருக்க என் மவளுக்கும் மறுத்துட்டு. என்கிட்ட மட்டும் சொன்னா."

ஜெபசீலி மெல்ல, "மஸ்கட்ல எங்க அண்ணனுக்கும்," என்றாள். "யார்ட்டயும் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"போன வருசம் எல்லாருக்கும் ஏத்துக்கிச்சே?" என்றாள் சந்தனமாரி.

"போன வருசம் ஏத்துக்கிச்சு. இந்த வருசம் ஏத்துக்கல. நடுவுல அதுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு," என்றாள் அந்தோணியம்மா.

பிரம்மசக்தி பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனமாரிக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருடத்தில் தொகை வாங்க ஆரம்பிப்பாள். அந்தோணியம்மாவுக்கு இன்னும் எட்டு ஒன்பது வருடம் இருக்கிறது. அவளுக்கு மறுப்பு. அவளைவிட இளையவர்கள் எல்லோருக்கும் மறுப்பு. இயந்திரம் ஆளைப் பார்த்து மறுக்கவில்லை, வருடத்தைப் பார்த்து மறுத்திருக்கிறது.

"நாம செத்துருவோம்னு அது சொல்லலக்கா," என்றாள் பிரம்மசக்தி. "நமக்குப் பயன் இருக்காதுன்னு மட்டுந்தான் சொல்லிச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானட்டி?"

"வாங்க நாம இருந்தா மட்டும் போதுமாக்கா? குடுக்க அங்க ஊரு நாடுன்னு ஒண்ணு இருக்கணும்லா?"

புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் பிரம்மசக்திக்குள் ஒன்று நடந்தது. அதைப் பின்னாளில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சின் பாதியிலேயே நின்றுவிட்ட மூச்சு அடிவயிறுவரை இறங்கி நிறைந்தது. நான் சாகவில்லை. என் கை என்னை ஏமாற்றவில்லை. உடம்பெல்லாம் ஒரு தித்திப்பு ஓடியது. நாடு நகரம் எல்லாம் போய்விடும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். ஆனாலும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அடுத்த மூச்சை இழுக்கும்போது கோமுவின் நினைவு வந்தது. கோமு அங்கேதான் இருக்கிறாள்.

"என்ன ஆவும்?" என்று ஜெபசீலி கேட்டுக்கொண்டிருந்தாள். "கடலா? சண்டையா? சீக்கா? என்னன்னாவது சொல்லக் கூடாதா அது?"

சந்தனமாரி தகட்டை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். ஏற்பு வந்த நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்ததில்லை. ஊரில் எந்த இடத்தில் வீடு கட்டுவது, எந்தப் பக்கம் முருங்கை வைப்பது என்று பேசிக்கொண்டே இருந்தாள். இப்போது சின்னப்பிள்ளையின் குரலில் கேட்டாள்:

"அப்பொ நான் மட்டும் போயி வாங்குவேன். எத்தன மாசம்ட்டி வாங்குவேன்?"

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரம்மசக்தி வெளியே ஓடி, படகுத்துறையின் ஓரத்தில் நின்று ஊரைக் கூப்பிட்டாள். பலகை வழுக்கியது. அதை அவள் கவனிக்கவில்லை. சாகும் பயம் போய்விட்டிருந்தது. அதைவிடப் பெரிய ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, நான் வரல. நீங்க கோமுவக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க. இந்த மாசமே."

"என்ன புள்ள, நேத்துதான் சீட்டு எடுத்துட்டேன்ன?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகச் சொன்னாள். நயினார் குறுக்கே பேசாமல் கேட்டான். பொறுமையான மனிதன்தான்.

"நீதான ஏத்துக்கிச்சுன்ன?"

"பொய் சொன்னேன்."

"அப்பொ சொன்னது பொய்யா, இப்பொ சொல்லுதது பொய்யா? நீ சொன்னத நம்பித்தான மேலத்தெரு மனைக்கு முன்பணம் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"வெக்கமா இருந்துச்சுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்காவ. இங்க ஒருத்தருக்குத்தான் நெசமாவே..."

"இங்க பாரு. எனக்குச் சம்பளத்துல மாசாமாசம் புடிக்கான். எல்லாம் இல்லாமப் போவப்போவுதுன்னா எதுக்குப் புடிப்பான்? அவன் கிறுக்கனா?"

உள்ளூரில் வேலை பார்ப்பவர்களின் பங்கு விருப்பப் பங்கு அல்ல. சட்டப்படி பிடிப்பது. அதற்குப் பயன்நோக்கியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது பதில் சொன்னது. அந்த உரிமை கடல் கடந்து போனவர்களுக்குத்தான் இருந்தது. அவர்களோ வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். இதை நயினாருக்கு எந்த வார்த்தையில் தொடங்கிச் சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவன் சிரித்தான். மனைவியின் பயத்தை ஆற்றிவிட நினைக்கும் சிரிப்பு. அதில் எத்தனை அன்பு இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ அங்க தனியா கெடந்து என்னத்தையாவது நெனச்சுக்கிட்டே இருக்க. நான் சொல்லுதத கேளு. நம்ம தெருவுல வெளிநாட்டுல ஆளில்லாத வீடு உண்டா? செல்லையா மவன் துபாய்ல. சுடலமுத்து அண்ணாச்சி மூணு மருமவனும் மலேசியாவுல. ஒருத்தருக்குக்கூட மறுக்கல சக்தி. எல்லாருக்கும் ஏத்துக்கிச்சு. இப்படி ஒரு நல்ல வருசம் இதுவரைக்கும் வந்ததே இல்லன்னு ஊரே பேசிக்கிட்டிருக்கு."