பின்சக்கரத்தின் டொக் டொக்

எங்கள் பழைய கார் நீலமா, பச்சையா என்று இப்போது எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அம்மா நீலம் என்கிறார். பின்சக்கரத்தின் பக்கம் கேட்ட சத்தம் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. டொக்... டொக்...

அப்போது என் காலில் மாவுக்கட்டு. பின் இருக்கையில் காலை நீட்டியபடிதான் மருத்துவமனைக்குப் போவேன். சாலையில் சின்னப் பள்ளம் வந்தாலும் கார் டொக்கென்று இடிக்கும். என் கால் விண்ணென்று தெறிக்கும். அக்கா என் காலைத் தன் மடியில் ஏந்திக்கொள்வாள். எதுவும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் எதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

அம்மாவின் தம்பிதான் எங்கள் மெக்கானிக். தன் பட்டறை லிஃப்டில் காரைத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. சத்தம்லாம் உன் பிரமை."

"என் புள்ள அழறதும் பிரமையாடா?" என்றார் அம்மா.

அந்தரத்தில் தொங்கிய சக்கரங்களையே அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, இப்போ கார்ல யாருமே இல்லையே?"

"மேல தூக்கின வண்டியில யாரு ஏறுவா? குரங்கா?"

"அம்மா தனியா போனா சத்தமே வராதாம். நாங்க பின்னாடி உக்காந்தாத்தான் வருது."

மாமா சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார். காரை இறக்கி, பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழிக்கு மேல் நிறுத்தி, குழிக்குள் இறங்கினார்.

அக்கா என்னை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்தாள். பக்கத்து டயர் கடைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் நல்ல பருமன்.

"என்னைய எடைக்கல்லாவே ஆக்கிட்டியே!" என்று சிரித்தபடி அவர் பின் இருக்கையில் ஏறிக் குலுங்கினார்.

டொக்!

"மாட்டிக்கிச்சு!" குழிக்குள்ளிருந்து மாமா கத்தினார். "ஷாக் அப்சார்பர் மேல்முனை ரப்பர் தேஞ்சு போச்சு! தூக்கினா சக்கரம் தொங்கி இழுத்துப் பிடிச்சுக்குது. பாரம் ஏறினாத்தான் ஆடுது. யப்பா, உனக்கு எப்படிடி தோணுச்சு?"

அக்கா அதற்குள் டயர் கடைக்காரர் இறங்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு பக்கமும் மாமா புது ரப்பர் போட்டார். திரும்பும் வழியில் பெரிய பள்ளம் ஒன்று வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கார் மெல்ல அமிழ்ந்து எழுந்தது. அவ்வளவுதான். வலிக்கவே இல்லை.

என் கால் சரியாகிவிட்டது. காரைப் பிறகு விற்றுவிட்டோம். ஆளை ஏற்றிப் பார்க்காமல் மாமா இப்போது எந்த வண்டியையும் திருப்பிக் கொடுப்பதில்லை. டயர் கடைக்காரர் இளைத்துவிட்டார். அக்கா பேருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள்.