உப்புப் பூத்த சப்பாத்து

றெஜினா அக்காவின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, அப்பாவுக்குத் திடீரென்று கால் நோவு வந்தது.

"மாதா கோயிலுக்குள்ளை என்னாலை நடக்கேலாது. லெனாட், நீ பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

லெனாட் மாமா அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்தார். "என்ன அத்தான், பகிடியோ? தேப்பன் நீங்கள் இருக்க நானோ?" என்று கேட்டார்.

"கால் நோகுதடா."

"எந்தக் கால்?" என்றாள் அம்மா.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வலது," என்றார்.

அக்கா அறைக்குள் போனாள். பத்து வயதுத் தங்கை லவீனா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அக்கா யன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அழாதையக்கா. அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார்," என்றாள் லவீனா. எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள். இனி நடத்திக் காட்ட வேண்டும்.

அன்று பின்னேரம் அப்பா இடது காலை நொண்டிக்கொண்டு வெளியே போனார். லவீனா அவர் பின்னால் போனாள். தெரு முடக்கு வந்ததும் நொண்டல் நின்றுவிட்டது. கரையில் வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, அப்பா விறுவிறுவென்று வாடிக்குள் நுழைந்தார். வலையும் கயிறும் வைக்கும் சின்னக் கொட்டில்தான் வாடி.

அங்கே அவர் வலைக் குவியலைத் தூக்கி, அடியில் இருந்த எதையோ பார்த்துப் பெருமூச்சு விட்டார். லவீனா எட்டிப் பார்த்தாள்.

கல்யாணத்தன்று காலில் போடச் சொல்லி மாமா அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்த மண்ணிறத் தோல் சப்பாத்து! தோல் விறைத்துப் போயிருந்தது. முன்பக்கம் மேலே வளைந்திருந்தது. எங்கும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"அப்பா, உதுக்கு என்ன நடந்தது?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். ஒளிக்க வழியில்லை. "நான் ஒரு நாளும் சப்பாத்துப் போட்டதில்லை, பிள்ளை. கோயிலிலை தடக்கி விழக்கூடாதெண்டு கரையிலை நடந்து பழகினன். சேறு பட்டிட்டுது. கழுவிக் காயவைச்சன்."

"எங்கை கழுவினீங்கள்?"

"கடலிலைதான். வலை, வள்ளம், என்ரை கால், எல்லாம் அதிலைதானே கழுவுறனான்."

"எங்கை காயவைச்சீங்கள்?"

"தகரக் கூரைக்கு மேலை. நல்ல வெயில்."

"கருவாடு காயவைக்கிற மாதிரி," என்றாள் லவீனா.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனேயே முகம் வாடியது. "அவன் எவ்வளவு ஆசையாய்க் கொண்டு வந்தவன். எந்த முகத்தோடை உதைச் சொல்லுறது?"

"தாங்கோ. நான் பாக்கிறன்."

சந்திக் கடையில் மண்ணிறப் பொலிஷ் கிடைத்தது. லவீனா வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். கை நோகும்வரை தேய்த்தாள். சப்பாத்து பளபளத்தது.

காலையில் ஓடிப் போய்ப் பார்த்தாள். பொலிஷுக்கு மேலால் உப்பு மறுபடியும் பூத்திருந்தது.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தாள். உப்பு தோலுக்குள்ளே இருக்கிறது. மேலே பூசி மறைத்தால் அது போகாது. வெளியே எடுக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியும். அதை அம்மா வினாகிரி விட்டுத்தான் கழுவுவாள். லவீனா நல்ல தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, சப்பாத்தைத் துடைத்தாள். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி அடைத்து நிழலில் வைத்தாள். காய்ந்ததும் உப்புத் தெரிந்தது. துடைத்தாள். மறுபடியும் தெரிந்தது. மறுபடியும் துடைத்தாள். ஒவ்வொரு முறையும் வெள்ளை கொஞ்சம் குறைந்தது.

"அச்சாறுக்கு வைச்ச வினாகிரி எங்கை?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள்.

"பூனை குடிச்சிருக்கும்," என்றார் அப்பா அவசரமாக.

"வினாகிரி குடிக்கிற பூனையோ?"

கல்யாணத்துக்கு முதல் நாள், ஒரு பொட்டு உப்புக்கூட இல்லை. லவீனா வறண்ட தோலில் தேங்காயெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தடவினாள். தோல் மெல்ல இளகியது. பிறகு பொலிஷ் போட்டுப் பழைய பல்லுத் தூரிகையால் தையல் ஓரமெல்லாம் தேய்த்தாள்.

அப்பா சப்பாத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடது கொஞ்சம் கறுத்துப் போச்சு," என்றார்.

"அதிலைதான் உப்புக் கூட இருந்தது, அப்பா. இனி மாமாவிட்டைச் சொல்லுங்கோ."

"அதுதான் சரி வந்திட்டுதே. பிறகேன் சொல்லவேணும்?"

"அப்ப கால் நோவு எப்பிடி மாறினதெண்டு சொல்லுவீங்கள்? எந்தக் கால் நொந்ததெண்டே உங்களுக்கு ஞாபகமில்லை."

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"கடலிலை கழுவினீங்களோ, அத்தான்?"

"ஓம்."

மாமா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு இப்பதான் நிம்மதி. றெஜினாப் பிள்ளை கோயிலிலை என்னோடை நடந்து பழகேக்கை ஒருக்காக்கூடச் சிரிக்கேல்லை. சப்பாத்துப் போனால் போகுது, அத்தான். நாளைக்கு நீங்கள் வெறுங்காலோடையெண்டாலும் அவளோடை நடவுங்கோ."

"வெறுங்காலோ?" என்றாள் லவீனா. "நான் இவ்வளவு தேய்ச்சது பின்னை எதுக்கு?"

அக்கா எழுந்து வந்து, சோறு பிசைந்த கையோடேயே தங்கையைக் கட்டிப் பிடித்தாள்.

மறுநாள் காலை கோயில் மணி அடித்தது. பாடல் தொடங்கியது. வெள்ளைச் சேலையில் நின்ற அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா நிலத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாக அடியெடுத்து வைத்தார்.

கிறீச், என்றது சப்பாத்து.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். கிறீச்... கிறீச்... என்று கேட்ட அந்தச் சத்தத்துக்கு அளவாக அடி வைத்து, அக்கா பீடம் வரைக்கும் போனாள்.