தோளில் இரண்டு வரிசை

காலை எட்டரை மணி.

முதலாளி வீட்டில் சாவி வாங்கி வந்து, கட்டிங் ஹாலின் ஷட்டரைத் தூக்கிய கூட்டுகிற ரங்காத்தாள் போட்ட அலறலில் மங்கலம் ரோடே நின்றது.

"அய்யோ... சாமீ... மொதலாளீ...!"

துணி ரோல்களுக்கு நடுவே பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் குப்புறக் கிடந்தார். ஆறடி உயரம். உச்சந்தலை பிளந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புப் பைப்.

பத்து மணிக்குள் ஆள் சிக்கிவிட்டான்!

ஜெயபாண்டி. ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த டெய்லர். முந்தின நாள் சாயங்காலம் முதலாளியிடம் கன்னத்தில் அறை வாங்கியவன். "ஒன்னைய விடமாட்டேன்யா!" என்று அவன் கத்தியதை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

ஸ்டேஷன் பெஞ்சில் அவன் மனைவி ஆஷா. அழவில்லை. கெஞ்சவில்லை. கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"நாலு மணிக்கு கோர்ட்டுல நிறுத்தணுமுங்க மேடம்," என்றார் ஏட்டு தங்கராஜ். "அப்புறம் அவன் வெளிய வர்றதெல்லாம் நடக்கற காரியமில்லீங்க."

இன்ஸ்பெக்டர் கீர்த்தனா பிணத்தின் போட்டோக்களை மேசையில் பரப்பினாள். பதினோரு வருட சர்வீஸ். இப்போதெல்லாம் பிணத்தைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அடி உச்சியில விழுந்திருக்கு ஏட்டய்யா. ரெண்டு கையையும் தலைக்கு மேல ஓங்கியிருக்கான். ஹால் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மொதலாளி, அவரு சம்சாரம் ஜனனி, பார்ட்னர் லிங்கசாமி... மூணு பேருகிட்டத்தானுங்க."

"லிங்கசாமி?"

"அட, அவருக்குக் கையே தூக்க வராதுங்க! தோள்ல ஆபரேஷன். கழுத்துல பெல்ட் மாட்டி கையைத் தொங்கவிட்டுட்டுச் சுத்தறாரு."

"பாத்துட்டு வந்துருவோம்."

இறந்தவரின் வீடு. சோபாவில் ஜனனி, சுவரையே பார்த்தபடி. கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்து நாற்காலியில் லிங்கசாமி.

"தோளைக் கொஞ்சம் காட்டறீங்களா சார்?"

"தாராளமாங்க!"

சட்டையை இறக்கினார். வலது தோளில் இரண்டு நேர்கோட்டுத் தழும்புகள். இம்மி பிசகாத இடைவெளி!

"தசைநார் கிழிஞ்சு போச்சுங்க. பெங்களூர்ல பண்ணி மூணு வாரம் ஆச்சு. சிங்கிள் ரோ, டபுள் ரோன்னு, அதாவது ஒத்த வரிசை, ரெட்டை வரிசைன்னு தையல் ரெண்டு வகையாமுங்க. நம்ம பொழப்பே தையலுதானுங்களே! ஒத்தத் தையல் பிரிஞ்சுரும், டபுளாவே போடுங்கன்னுட்டேன்."

"ஆஸ்பத்திரி ஃபைல்?"

"கூரியர்ல வந்துட்டிருக்குங்க."

கீர்த்தனா வாசலுக்கு வந்தாள். கோவையிலிருக்கும் தெரிந்த எலும்பு டாக்டர் சாமியப்பனுக்கு போன் போட்டாள்.

"டாக்டர், தோள் தசைநார் தைச்ச மூணாவது வாரம் பைப்பை ஓங்கி அடிக்க முடியுமா?"

"வாய்ப்பே இல்லம்மா! ஆறு வாரம் பெல்ட். எந்த முறைல தைச்சாங்க?"

"டபுள் ரோ. அதுதான் உறுதியா?"

"கிழிசல் பெருசா இருந்தா டபுள் நல்லாப் பிடிக்கும். மறுபடி கிழியறது கொறச்சல். சின்னக் கிழிசலுக்கு சிங்கிளே போதும். ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தா, ரெண்டு வகைல தைச்சவங்களும் ஒரே மாதிரிதான் கையைத் தூக்குவாங்க."

"இவருக்கு ரெண்டு வரிசையும் நல்லா ஆறியிருக்கு டாக்டர்... பக்கத்துப் பக்கத்துல, நேர்கோடா."



"எங்கம்மா பாத்தே?"

"தோள்லதான்..."

"தோல் மேலயா?!"

"ஆமா."

"அடக் கடவுளே! வரிசைங்கறது உள்ளுக்குள்ளம்மா! எலும்புல சின்னத் திருகாணி பதிச்சு, அதுல நாரை இழுத்துத் தைக்கிறது. துளை போட்டுப் பண்ணினா வெளிய மூணு நாலு புள்ளி தெரியும். திறந்து பண்ணினா ஒரே ஒரு கோடு. ரெண்டு கோடு ஓட்டறதுக்கு இதென்ன பனியனா?"

போனை வைத்தாள் கீர்த்தனா. மரத்துப்போன உடம்பில் சுரீரென்று கோபம் ஏறியது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த கோபம். நன்றாக இருந்தது.

"ஏட்டய்யா! ஸ்டேஷனுக்கு போன் போடுங்க. ஜெயபாண்டியை விடச் சொல்லுங்க. மொதல்ல ஆஷாகிட்ட சொல்லணும்."

உள்ளே போனாள்.

"லிங்கசாமி சார்... டபுள் ரோ உள்ள போடற தையல். உங்களுக்கு வெளிய போட்டிருக்காங்க."

"மே... மேடம்...?"

"யாரு தைச்சது?"

லிங்கசாமி அவசரமாகச் சட்டையைத் தோளுக்கு ஏற்றினார். ஆனால் அவர் கண்கள் அவரையறியாமல் சோபாவுக்குத் தாவின!

ஜனனி. கல்யாணத்துக்கு முன் இதே கம்பெனியில் மாதிரி உடுப்பு தைத்த சாம்பிள் டெய்லர்!

அவள் பதறவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"மரத்துப்போற ஊசி போட்டு, கீறி, நான்தானுங்க தைச்சேன். கை தூக்க வராதவரு அடிச்சாருன்னு யாரும் நெனைக்கமாட்டாங்கன்னுதானுங்க. எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தா நானும் இவரும் சேர முடியாதுங்களே," என்றாள், மளிகைச் சீட்டு வாசிக்கும் குரலில்.

"கச்சிதமான தையல்," என்றாள் கீர்த்தனா, விலங்கை எடுத்தபடி. "ஒரே கோடா இருந்திருந்தா நானே நம்பிட்டுப் போயிருப்பேன்."

காலையிலிருந்து முதல் தடவையாக ஜனனியின் முகம் சிவந்தது. லிங்கசாமியின் பக்கம் திரும்பினாள்.

"ஒத்தத் தையலே போதும்னு நான் அப்பவே சொன்னேனில்லீங்க... கேட்டாத்தானுங்களே!"