பதினாலாம் எண் யாருடையது?

"எந்தப் பையனோட அக்கா நீங்க?"

குடையை மடக்கக்கூட விடாமல் கேட்டான் அவன். தொழிற்பயிற்சி நிலையத்தின் இரும்புக் கதவை மறித்துக்கொண்டு நின்றான். நீலச் சட்டை முழுக்க இரும்புத் தூள். கண்கள் மட்டும் இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல அத்தனை பளிச்சென்று...

"நான்... அக்கா இல்ல..."

"சரி, தங்கச்சி. மார்க் கேட்டு வர்றவங்களுக்கு இன்னைக்கு உள்ள வேலை இல்லம்மா. பரீட்சை நடக்குது. யாரோ மதிப்பீட்டாளர் வர்றாராம். வந்து, டீயைக் குடிச்சுட்டு, ஏதாவது ஒரு மார்க்கைப் போட்டுட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் வாங்க."

அவளுக்குச் சட்டென்று பேச்சு வராது. வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காத ரகம். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நின்றது. மழை குடை விளிம்பிலிருந்து அவள் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளிருந்து முதல்வர் ஓடி வந்தார். "மேடம், வாங்க வாங்க! மாஸ்டர், வழி விடுங்க. இவங்கதான் மதிப்பீட்டாளர்!"

அவன் ஒரே எட்டில் ஓரம் ஒதுங்கினான். காது மடல் இரண்டும் சிவந்து போயின. அவனைக் கடக்கும்போது அவள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"எனக்கு டீ பழக்கமில்ல, மாஸ்டர்."

சொன்ன பிறகுதான் படபடப்பு வந்தது. நானா பேசினேன்?

அவன் ஃபிட்டர் பிரிவின் பயிற்றுநர். பிள்ளைகள் காலை முழுக்க அரம் போட்டுத் தேய்த்த இரும்புத் துண்டுகள் மதியம் அவள் அறைக்கு வந்தன. ஆளுக்கு ஒரு ஜோடி. ஒன்றில் பள்ளம், மற்றொன்றில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார வேண்டிய மேடு. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யார் செய்தது என்று தெரியாமல் அளக்க வேண்டும். பயிற்றுநர் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. அதுதான் விதி.

கதவைச் சாத்திக்கொண்டாள். வெர்னியர் அளவுகோல், செங்கோணம் பார்க்கும் மூலமட்டம், ஒரு மேசை விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் அவளுக்குக் கூச்சம் போய்விடும். நீளம், அகலம், செங்கோணம், கடைசியாக வெளிச்சம். ஜோடியைச் சேர்த்து விளக்கின் முன் பிடித்து, இடுக்கு வழியாக எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பாள்.

பதினாலாம் எண்ணை எடுத்தபோது கை நின்றது.

மேடு பள்ளத்துக்குள் மெல்ல இறங்கியது... சத்தமே இல்லை. விளக்கின் முன் பிடித்தாள். ஒரு மூலையில் மட்டும் நூலிழை வெளிச்சம். மற்ற இடமெல்லாம் ஒரே துண்டுபோல இருள். அப்பா! யார் கை இது?

மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தாள். அரம் ஓடிய மெல்லிய கோடுகள் மற்ற எல்லாத் துண்டுகளிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இதில் மட்டும் எதிர்ப் பக்கம். இடது கைக்காரர்!

மார்க்கை எழுதினாள். பெயர் தெரியாத அந்தக் கையை நினைத்துச் சிரித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். சிரிப்பு உறைந்தது.

தேர்வுக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். பதினாலாம் எண்... வரவில்லை.

வராத ஆளின் துண்டை யார் செய்தது?

பட்டறையில் பிள்ளைகள் யாரும் இல்லை. வரிசையாக மேசைகள், பிடிப்பான்கள், எண்ணெய் வாசனை. கடைசி மேசையில் மாஸ்டர் மட்டும் குனிந்து இரும்புத் தூளைத் தூரிகையால் கூட்டிக்கொண்டிருந்தான். இடது கையால்.

"நீங்க... இடது கையா?"

அவன் திரும்பினான். "ஏன் மேடம், அதுக்கும் மார்க் உண்டா?"

"பதினாலாம் நம்பர் உங்களோடதுதானே?"

அவன் பயப்படுவான் என்று நினைத்தாள். மாறாக, அவன் கண்கள் பண்டிகை மாதிரி விரிந்தன.

"கண்டுபிடிச்சுட்டீங்களா! அப்ப நிஜமாவே அளந்தீங்களா? ஒவ்வொண்ணையும்?"

"அளக்கத்தானே வந்தேன்?"

"போன ரெண்டு வருஷமும் அளக்கத்தான் வந்தாங்க. எல்லாருக்கும் எழுபத்திரண்டு. அழகா செஞ்சவனுக்கும் எழுபத்திரண்டு, தேய்ச்சுத் தேய்ச்சுக் குட்டிச்சுவராக்கினவனுக்கும் எழுபத்திரண்டு. என்கிட்டப் படிச்சதுல கெட்டிக்காரி ஒருத்தி, அந்த மார்க்கைப் பார்த்துட்டு அரத்தைக் கீழ வெச்சவதான், திரும்ப எடுக்கவே இல்ல. அதான்... இந்த வருஷம் நானும் பிள்ளைங்களோட உட்கார்ந்து ஒண்ணு செஞ்சேன். வராத பையனோட நம்பர் சீட்டைக் கட்டி உள்ள அனுப்பினேன். இதுக்கும் எழுபத்திரண்டு வருதான்னு பார்க்கலாம்னு."

"எனக்குப் பொறி வெச்சீங்க."

"உங்களுக்கு இல்ல மேடம். டீ குடிக்கிற ஆளுக்கு."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

"மாஸ்டர், விதி தெரியுமா? தேர்வு எழுதாத ஒருத்தரோட துண்டு ஒண்ணு கலந்திருந்தாக்கூட மொத்த வகுப்போட மார்க்கையும் நிறுத்தி வெப்பாங்க. மறுதேர்வு ஆறு மாசம் கழிச்சு."

அவன் கையிலிருந்த தூரிகை மேசையில் விழுந்தது.

"மூணு வாரத்துல தொழிற்சாலைக்காரங்க ஆள் எடுக்க வர்றாங்களே... மார்க் இல்லாம ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்களே..." குரல் இறங்கிவிட்டது. "ஒரு ஜோடிதானே. எடுத்துக் குப்பையில போட்டுடுங்க."

"அளந்தாச்சு. எழுதியாச்சு."

"அழிச்சிடுங்க!"

"அழிச்சா, எழுபத்திரண்டு போட்டவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

தகரக் கூரையில் மழை கொட்டியது. அவள் விடவில்லை.

"நீங்களே எழுதிக் குடுங்க. உங்க துண்டு, உங்க கை, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. பத்தொன்பது பேரோடதும் சுத்தமா தனியா இருக்கு, அதுக்கு நான் எழுதிக் குடுக்கறேன். அஞ்சு மணிக்குப் பெட்டிக்குச் சீல் வைக்கணும்."

"அந்த ஆபீசுக்கு நான் மன்னிப்புக் கடிதம் எழுதணுமா? அளக்காம மார்க் போட்டவங்க நிம்மதியா இருக்காங்க. நான் கை கட்டி நிக்கணுமா? முடியாது மேடம்."

விறுவிறுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மணி நாலு. நாலரை. அரக்கை உருக்க மெழுகுவத்தி தயார். எழுத்தர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். வறட்டுக் கவுரவம்! அவன் கோபம் நியாயம்தான்... ஆனால் பத்தொன்பது பேர் என்ன பாவம் செய்தார்கள்?

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். வாசலில் ஈரச் செருப்புச் சத்தம். சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். சட்டைக்குள்ளிருந்து நனையாத ஒரு தாளை எடுத்து நீட்டினான். மை இடது கையில் பட்டு எழுத்துகள் ஓரமாக இழுபட்டிருந்தன.

அவள் படித்தாள். நடந்தது நடந்தபடி இருந்தது. ஒன்றையும் மறைக்கவில்லை.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?"

"இருக்கு. கடைசி வரி. பிள்ளைங்ககிட்டக் கேட்டிருக்கேன்."

அவள் அரக்கை உருக்கினாள். அவன் போகாமல் நின்றான்.

"மேடம்... எவ்வளவு போட்டீங்க?"

சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த எண்ணுக்குத்தான் ஆளே இல்லையே.

"தொண்ணூத்தாறு."

"நாலு எங்க போச்சு?"

"மூலையில வெளிச்சம் கசியுது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நனைந்த இமைகளிலிருந்து துளிகள் தெறித்தன. அவள் சீல் வைக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி வைத்துவிட்டாள். மூன்று வருட வேலையில் முதல் பிசகு.

"யாருடி அது?" என்றாள் அக்கா, அன்று வீட்டில்.

"எது யாரு?"

"ஒரே தட்டை மூணாவது தடவையா கழுவுறியே, அதுக்குக் காரணமான ஆளு."

"ஒருத்தர் துண்டை அளந்தேன். அவ்வளவுதான்."

"அளந்தவ ஏன் தேய்ஞ்சு போயிருக்கா?"

அவள் தட்டை நாலாவது முறை கழுவினாள்.

இரண்டு வாரம் போயிற்று. விசாரணை முடியும்வரை மாஸ்டர் வகுப்புக்கு வரக் கூடாது என்று ஆணை போயிருந்தது. அவனை அவள் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. ஆனால் பேருந்தில், மாடிப்படியில், வெர்னியரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி... இப்போது என்ன செய்துகொண்டிருப்பான்?

மேலதிகாரி அம்மாள் கூப்பிட்டனுப்பினார்.

"நல்ல சேதி. பத்தொன்பது துண்டையும் சாட்சி வெச்சு ஒரு தடவை திரும்ப அளக்கச் சொல்லிட்டாங்க. உன் கணக்கோட ஒத்துப்போனா அன்னைக்கே மார்க் வெளிய. ஆள் எடுக்கறதுக்கு முன்னாடியே கைக்கு வந்துடும். நாளைக்கே போய் அளந்துட்டு வா. இந்தப் பாரத்துல கையெழுத்துப் போடு."

பாரத்தில் ஒரு கேள்வி. சம்பந்தப்பட்ட நிலையத்தில் உள்ள எவருடனாவது மதிப்பீட்டாளருக்குத் தனிப்பட்ட உறவு உண்டா? எதிரே இரண்டு கட்டங்கள். இல்லை, ஆம்.

பேனா 'இல்லை'யின் மேல் போய் நின்றது. இறங்கவில்லை.

"என்னம்மா?"

"மேடம்... நான் அளக்கக் கூடாது."

"ஏன், அங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"சொந்தம் இல்ல... என் பக்கம் மட்டும் கொஞ்சம்..."

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த இடது கை மாஸ்டரா?"

தலை ஆடியது. முகம் தீயாய்ச் சுட்டது.

"ஒரு பக்க உறவுக்கெல்லாம் பாரத்துல கட்டம் இல்லையேம்மா! இல்லைன்னு போட்டுட்டுப் போயேன்."

"இன்னைக்கு இல்லைன்னு போட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா... என் அளவைச் சந்தேகப்படுவாங்க. பத்தொன்பது பேரோட மார்க்கும் கேலிக்கூத்தாயிடும், மேடம்."

மேலதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, ஆம்னு போடு. நம்ம மில்லிமீட்டர் சாரை அனுப்பறேன், அவர் பெத்த பிள்ளைக்கும் அரை மார்க் சேர்த்துப் போட மாட்டார். ஆனா ஒண்ணு..." உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அந்த ஆளும் படிச்சுக் கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள இந்தப் பாரம் என் மேசைக்கு வரணும். இல்லன்னா அளக்கறது தள்ளிப்போயிடும்."

தூறலாக ஆரம்பித்தது மழை. இந்த இரண்டு வாரமாக அவன் வேலை பார்த்த அவனுடைய அண்ணன் பட்டறை ஒரு குறுகலான தெருவின் கோடியில் இருந்தது. கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவன் அவளைப் பார்த்ததும் விசையை நிறுத்தினான். காதில் ஒரு பென்சில்.

"என்ன மேடம், இங்கயும் அளக்க வந்துட்டீங்களா?"

"கையெழுத்து... வேணும்."

பாரத்தை நீட்டிவிட்டுத் தரையில் சுருண்டு கிடந்த இரும்புச் சீவலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிவிடலாமா? பத்தொன்பது பேர்... பத்தொன்பது பேர்...

அவன் மெல்லப் படித்தான். "தனிப்பட்ட உறவு உண்டா... ஆம். யாருடன்..." நிறுத்தினான். "இது என் பேராச்சே?"

"ம்."

"உறவின் தன்மை... இந்தக் கட்டம் காலியா இருக்கே?"

இத்தனை நாள் தொண்டையில் நின்றதெல்லாம் அன்று நிற்கவில்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதனால உங்க பிள்ளைங்களை நான் அளக்கக் கூடாது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவன் கழிவுத் துணியில் கைகளைத் துடைத்தான்... துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு வாரமா எனக்கும் ஒண்ணு புரியல" என்றான் மெல்ல. "வேலையைப் பிடுங்கிட்டுப் போன ஒருத்தி மேல கோபம்தானே வரணும்? எனக்கு ஏன் தினமும் வாசலைப் பார்க்கத் தோணுது?"

காதிலிருந்த பென்சிலை எடுத்தான். காலிக் கட்டத்தில் இடது கையால் என்னவோ எழுதினான். கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தான்.

"பென்சில்லதான் எழுதியிருக்கேன். வேணாம்னா அழிச்சுக்கலாம்."

அவள் பார்த்தாள்.

'திருமணம் செய்துகொள்ள இருப்பவர்.'

மறுநாள் மில்லிமீட்டர் சார் பத்தொன்பதையும் அளந்ததும், அவர் எண்ணும் அவள் எண்ணும் மயிரிழை பிசகாமல் ஒத்துப்போனதும், மாலைக்குள் மார்க் வெளியானதும் பிறகு நடந்த கதை. இப்போது அந்தப் பட்டறையில் தூறல் சத்தம் மட்டும் கேட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அரசாங்கப் பாரம்" என்றாள் அவள், நிமிராமல். "பென்சில்ல நிரப்பக் கூடாது, மாஸ்டர்."

அவன் முகம் வாடியது.

அவள் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். இயந்திரத்தின் ஓரத்தில் தாளை வைத்து, அவன் எழுத்துகளின் மேலேயே, ஒவ்வொன்றாக, நிதானமாக மையை ஓட்டினாள்.