கையில் இடமில்லை

சீட்டுக்கட்டு தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் திரையின் மூலையில் 'மீதி மூன்று' என்று காட்டியது.

"எந்த மடையன் இதுல கைய வெச்சான்?" என்று முணுமுணுத்தான். கம்ப்யூட்டரில் ஆடும் சீட்டு விளையாட்டுக்கு விதி எழுதுவது அவன் வேலை. கட்டில் எத்தனை சீட்டு இருக்கலாம், கையில் எத்தனை தங்கும், எல்லாம் அவன் வைத்த சட்டம். ஊருக்கெல்லாம் முப்பதுக்குக் குறையக் கூடாது என்று விதி. வீட்டில் சோதித்துப் பார்க்கும் பிரதியில் மட்டும் அந்த வரம்பை எடுத்துவிட்டு, ஏழே சீட்டில் கட்டுச் சேர்த்திருந்தான். ஏழும் பலசாலிகள். ஏழும் கைக்கு வந்தாயிற்று. அப்புறம் மீதி ஏது?

கட்டு சிறுத்தால் வேண்டிய சீட்டு சீக்கிரம் வரும். இதுகூடப் புரியாத ஜென்மங்கள் கண்டதையும் கட்டில் திணித்துக்கொண்டு, சீட்டே வரமாட்டேங்குது, கம்பெனிக்காரன் ஏமாத்துறான் என்று எழுதிப் புலம்பும்போது அவனுக்குக் குமட்டும். ஆபீசில் அவனுக்குப் பட்டப்பெயர் கத்தரிக்கோல். அதில் ஐயாவுக்கு ஏகப் பெருமை. வீட்டிலும் அதே கத்தரிப்புதான்: கூடத்து சோபாவில் குறட்டை விடும் மாமனார் தண்டச்சீட்டு, மனைவி சுமார்ச்சீட்டு. அவர்கள் காதுபடவே சொல்லுவான், சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொள்வான்.

மதியம் மகள் தன் கட்டைக் கொண்டுவந்து காட்டியிருந்தாள். ஒரே ஒரு சக்திப் புள்ளி செலவழித்தால் ஆடிவிடக்கூடிய எலி, அணில், வாத்து என்று பொடிச் சீட்டுகளாக அடைத்து வைத்திருந்தாள்.

"எதுக்குடி இந்தக் குப்பையெல்லாம்? தூக்கிப் போடு."

"பாவம்ப்பா. அதுங்களும் இருந்துட்டுப் போகட்டும்."

"பாவம் பாத்தா தோத்துத்தான் போவ, கழுதை."

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தும் அவன் கண்டுகொள்ளவில்லை.

இப்போது சாயங்காலம். விளக்கு போடாத அறையில் திரை வெளிச்சம் மட்டும் அவன் முகத்தில் நீலமாக விழுந்தது. கூடத்திலிருந்து குறட்டையும், சமையலறையிலிருந்து குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் ஓசையும், பக்கத்து அறையில் மகள் கலர் பென்சில்களைக் கொட்டி உருட்டும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து வந்து அவனை எரிச்சல்படுத்தின.

அவன் முறை வந்தது. முறைக்கு ஒரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும், வேண்டாமென்று சொல்ல வழியில்லை. இல்லாத கட்டிலிருந்து ஒரு சீட்டு எழும்பித் திரும்பியது. பெயர் இல்லை. ஒரு சோபா, அதில் வாயைப் பிளந்து தூங்கும் கிழவர், நெஞ்சில் சரிந்து கிடந்த மூக்குக்கண்ணாடி. கையில் ஏழுக்கு மேல் தங்காது, எட்டாவது கருகிவிடும். படம் ஓரத்தில் பழுத்து, சுருண்டு, சாம்பலாயிற்று. ஆட்டக்காரர்களைச் சீண்டுவதற்கென்று அவனே எழுதிய வரி கீழே மின்னியது: 'கையில் இடமில்லை. போனால் போகட்டும்.'

குறட்டை நின்றது. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வரவே இல்லை.

எட்டிப் பார்த்தான். சோபாவில் யாருமில்லை. மெத்தையில் ஆள் படுத்திருந்த பள்ளம் மெல்ல, மிக மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது. முடி கருகும் நாற்றம் வந்தது.

"உங்கப்பா எங்கடி?" என்று சமையலறைப் பக்கம் கத்தினான்.

"எந்த அப்பா? என்ன உளர்றீங்க? வீட்ல நாம மூணு பேருதானே!"

மீதி இரண்டு.

ஆட்டத்தை விட்டு வெளியேறினால் மீதிக் கட்டு மொத்தமும் கருகும். சும்மா இருந்தால் நேரம் முடிந்ததும் சீட்டு தானாக எழும்பும். அதுவும் அவன் சட்டம், இதுவும் அவன் சட்டம். கையிலிருந்து ஒன்றை ஆடினால்தான் இடம் காலியாகும். அவனுடைய பலசாலிகள் ஒவ்வொன்றும் ஒன்பது சக்தி கேட்டன. எதிரே ஆடிய கம்ப்யூட்டரோ அவன் சக்தியை உறிஞ்சி ஒன்றில் நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு எலி போதும். ஒரு வாத்து.

நேரம் முடிந்தது. சீட்டு திரும்பியது. குழாயடியில் குனிந்து நிற்கும் பெண்ணின் முதுகு, தோளில் ஈரத் துண்டு.

"நில்லு!" என்று அலறினான். யாரிடம் அலறினான் என்று அவனுக்கே தெரியாது. ஓரம் பழுத்தது. சுருண்டது. 'போனால் போகட்டும்.'

சமையலறையில் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மீதி ஒன்று.

அறை வாசலில் மகள் நின்றாள், கை நிறையக் கலர் பென்சிலோடு. "அப்பா, ஏன் கத்துறே?"

"பாப்பா... ஒரு எலி குடும்மா. ஒரே ஒரு எலி."

"ஆட்டம் நடுவுல சேக்கக் கூடாதேப்பா. நீதானே சட்டம் வெச்சே."

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். மண்டியிட்டான். அவளை இறுக்கி அணைத்துக்கொண்டான். சின்ன முதுகு. சூடு. அவன் முதுகுக்குப் பின்னால் சீட்டு திரும்பும் சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மோவாய்க்குக் கீழே கருகல் நாற்றம்.

"அப்பா, சுடுது..."

பென்சில்கள் தரையில் விழுந்து நாலாபுறமும் உருண்டன. அவன் பிடியைத் தளர்த்தவில்லை. இன்னும் இறுக்கினான். இறுக்க இறுக்க அவன் கைகள் ஒன்றையொன்று நெருங்கின. இன்னும். இன்னும் கொஞ்சம். கடைசியில் அவனுடைய விரல்கள் அவனுடைய தோள்களையே தொட்டன.